சிவப்பு எண்

தண்ணீர் மீட்டரின் முகத்தில் இரண்டு நிறத்தில் எண்கள் இருக்கும். முதலில் நிற்பவை கறுப்பு. கடைசியில் நிற்கும் மூன்றும் சிவப்பு. கறுப்பில் ஓர் எண் நகர்ந்தால் ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு யூனிட், போய்விட்டது என்று பொருள். சிவப்பு எண்கள் லிட்டர் லிட்டராக ஓடுகிறவை. குழாயைத் திறந்ததும் கிடுகிடுவென்று சுற்றும், பார்க்க வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான். அளவெடுக்க வருகிறவர்கள் கறுப்பை மட்டும் எழுதிக்கொண்டு மூடியைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்: கறுப்புக்குத்தான் காசு, சிவப்பு சும்மா.

அளவுக்காரிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இருபத்தெட்டு வருஷமாக அவள் செய்கிற வேலை இதுதான். கையில் ஒரு கொக்கி, தோளில் பை, பைக்குள் அளவுப் புத்தகம், மீட்டர் கண்ணாடி துடைக்க ஒரு ஈரத்துணி. கொக்கியால் இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் இருக்கும் கரப்பான்களுக்கு ஓடிப்போக ஒரு நிமிஷம் கொடுத்து, குனிந்து துடைத்து, எண்ணைப் பார்த்து எழுதுவாள். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தெருக்காரர்கள் அதை எப்போதோ மறந்துவிட்டு, "அளவுக்காரி வந்துட்டா" என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார்கள். அதில் கொஞ்சம் பயமும் உண்டு.

பயப்படாமல் என்ன செய்வார்கள்? இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட் வரை ஒரு விலை. இருபத்தொன்று ஆகிவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே மூன்று மடங்கு விலை. கோடு என்றால் கோடுதான். நிறையச் செலவழிக்கிற பணக்காரன் நிறையக் கட்டட்டும், ஏழை குறைவாகக் கட்டட்டும் என்ற நல்லெண்ணத்தில் போட்ட கோடாம். போட்ட புண்ணியவானின் வீட்டில் நாலு பேர் இருந்திருப்பார்கள். ஒரு குழாய்க்கு ஏழு பேர் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மேட்டுத் தெருவில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருக்கிற மாடி வீட்டில் புல்தரைக்கு ஆழ்குழாய்க் கிணறு தனியாக இருந்தது. அவர்கள் மீட்டர் பத்தைத் தாண்டியதே இல்லை. ஆகவே ஏழைக்கென்று வைத்த விலையில் அவர்கள்தான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். காசைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்று பேச்சுக்குச் சொல்வோம். பள்ளத் தெருவில் அந்தப் பேச்சு செல்லாது. அங்கே தண்ணீரைத்தான் காசாகச் செலவழித்தார்கள்.

அந்தப் பள்ளத் தெருவில்தான் அவள் தங்கை இருந்தாள். இரண்டு அறை, ஒரு குழாய், ஏழு பேர்: தங்கை, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள், கொழுந்தன், அவன் மனைவி. புருஷன் கட்டட வேலையில் கலவைக்காரன். சிமெண்டும் மணலும் ஜல்லியும் குழைத்துக் குழைத்து அவன் கைகால் எல்லாம் காய்ந்த களத்துமேடு மாதிரி வெடித்திருக்கும். தங்கைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் போர்வைகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் அலசிக்கொண்டிருப்பாள். அங்கே திறந்த குழாயை மூடுவாரில்லை, வாய்க்கால் போல ஓடும். அந்த ஈரக் கையோடு வீட்டுக்கு வந்து, ஆளுக்கு ஒரு வாளி என்று அளந்து கொடுப்பாள்.

வாளி என்றால் வாளி முழுக்க அல்ல. உள்பக்கம், விளிம்புக்கு நாலு விரல் கீழே, வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தாள். அதுவரை பதினைந்து லிட்டர். அரசாங்கம் ஒரு கோடு போட்டால் நான் போடக்கூடாதா என்று கேட்பாள். பாத்திரம் கழுவின தண்ணீர் கழிப்பறைக்கு, துணி அலசின தண்ணீர் தரை துடைக்க. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ரசீதில் இருபது, இருபது, இருபது என்றே இருக்கும். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அவற்றைக் குத்தி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்து, ஏழு பேரை வைத்துக்கொண்டு எப்படி என்று வாயைப் பிளப்பார்கள். அவள் சிக்கனப் பாடம் நடத்துவாள். வாழ்க்கையில் வேறெதிலும் அவள் முதல் மதிப்பெண் வாங்கியதில்லை.

அந்த இருபதில் ஒன்றுகூட உண்மையில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை தங்கை வீட்டு மீட்டர் இருபத்திரண்டு ஓடியிருந்தது. மூன்றாவது பிள்ளை பிறந்த சமயம், குழந்தைத் துணி அதிகம். ரெண்டு யூனிட்தானே, அடுத்த தடவை குறைவாக ஓடும், அதில் கழித்துக்கொள்ளலாம் என்று அக்கா இருபது எழுதினாள். அடுத்த தடவை இருபத்தைந்து ஓடியிருந்தது. ஏழு பேர் எவ்வளவு சுருக்கினாலும் இருபதுக்குக் கீழே போகாது என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஊர் மீட்டரெல்லாம் பார்க்கிறவளாயிற்றே. ஆனால் தங்கை அன்றைக்குப் போன தடவை ரசீதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "பாத்தியாக்கா, சரியா கோட்டுலயே நிறுத்திட்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையை எழுதக் கை வரவில்லை. மறுபடி இருபது எழுதினாள். அதற்கு மறுதடவையும் இருபது. அலுவலகத்துக்கு அவள் தண்ணி காட்டினாள் என்றுதான் சொல்லவேண்டும்.

புத்தகம் பொய் சொல்லலாம், மீட்டர் சொல்லாது. எழுதாமல் விட்ட யூனிட்டெல்லாம் குழிக்குள்ளே அந்தக் கறுப்பு எண்களில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மீட்டர் ஒரு எண்ணைக் காட்டும், புத்தகத்தில் வேறொரு எண் இருக்கும், இரண்டுக்கும் நடுவே பள்ளம் வருஷா வருஷம் அகன்றுகொண்டே போயிற்று. அவளுக்கு இருந்த நம்பிக்கை ஒன்றே ஒன்றுதான். பள்ளத் தெரு மீட்டர்கள் ஏழெட்டு வருஷத்தில் மண் அடைத்து நின்றுபோகும். நின்றுவிட்டால் 'ஓடவில்லை' என்று எழுதிவிடலாம், பழைய எண் அதோடு செத்துப்போகும். ஒவ்வொரு தடவையும் மூடியைத் தூக்கும்போது நின்றிருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொள்வாள். தெருவில் பாதி மீட்டர்கள் நின்றுபோயின. தங்கை வீட்டு மீட்டர் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி ஆரோக்கியமாக இருந்தது.

தங்கை ஒருநாளாவது குழிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. "எங்கக்கா பாக்குற மீட்டரை நான் வேற பாக்கணுமா" என்று சொல்வாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கலவைக்காரன் இறந்துபோனான். நோய் நொடி என்று படுக்கவில்லை. வேலை இடத்தில் மத்தியானம் மார்பைப் பிடித்துக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே கழுவித் துடைத்து, வெள்ளை விரிப்பில் சுற்றித்தான் கொடுத்தார்கள். அந்த விரிப்பு தன் கையால் அலசினது என்று தங்கை ஓர் ஓரத்து முத்திரையைப் பார்த்துச் சொன்னாள்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் தளம் போட்டுவிட்டு வந்திருந்தானாம். தலைமுடி, காது மடல், விரல் இடுக்கு, எங்கும் சிமெண்ட். ஒரு வாளியில் குளித்துவிட்டு, அரிப்பு தாங்கவில்லை, இன்னொரு வாளி கொடு என்று கேட்டிருக்கிறான். அளவெடுக்க இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கிறது, அக்கா வந்து இருபத்தொன்று எழுதினால் யார் கட்டுவது என்று இவள் மறுத்துவிட்டாள். "சரி விடு, இன்னும் நாலு நாள் இப்படியே இருந்தா நானே சுவராயிடுவேன், வாடகைக்கு விட்டுடு" என்று சிரித்தபடி ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டான். விடிந்ததும் வேலைக்குப் போனான்.

"கடைசியா என்கிட்ட கேட்டது ஒரு வாளி தண்ணிதான். கொடுக்கல நான்" என்பாள். சற்று நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தனக்குத்தானே சொல்வதுபோல, "கொடுத்திருந்தா கோட்டைத் தாண்டியிருக்கும். அவருக்கும் அது தெரியும். அதான் சிரிச்சார்" என்பாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து வேலைக்குப் போனாள், பிள்ளைகளுக்குத் தலை வாரினாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த வாரம் மூடியைத் தூக்கியபோது மீட்டர் இருபத்தேழு ஓடியிருந்தது. அப்போதும் அவள் இருபதுதான் எழுதினாள். அன்றிலிருந்து அவள் பயந்தது அலுவலகத்துக்கு அல்ல. இது தங்கைக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்றுதான் பயந்தாள்.

பிறகு பள்ளத் தெருவில் பழைய மீட்டர்களை எல்லாம் கழற்றிவிட்டுப் புது மீட்டர் வைக்கப்போவதாக உத்தரவு வந்தது. கழற்றுகிற ஒவ்வொன்றின் கடைசி எண்ணையும் ஃபிட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மீட்டரையே அலுவலகத்தில் ஒப்படைக்கவேண்டும்.

அளவுக்காரி ஃபிட்டரைத் தேடிப் போனாள். அவளுக்குத் தம்பி வயசு, பழைய பழக்கம். தங்கை வீட்டு மீட்டரைக் கழற்றும்போது கைதவறிக் கீழே போட்டுவிட முடியுமா, எண் தெரியாதபடி உடைந்தால் போதும் என்று கேட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஃபிட்டர் வெகுநேரம் குறடைத் துடைத்துக்கொண்டிருந்தான். உடைந்த மீட்டரைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், உள்ளே இருக்கிற பல்சக்கரத்தைப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுவார்கள், உடைத்தவன் மேல் வேறு வழக்கு வரும் என்றான். "வாய் இல்லாத சாட்சி அது, அக்கா. அடிச்சாலும் மாத்திச் சொல்லாது" என்றவன், குறடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தனக்கும் ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றான்.

அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

அடுத்த நாள் அவளே அதிகாரியின் மேசைக்கு எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், விட்டுப்போன யூனிட்டுக்கான பணத்தை என் ஓய்வுப் பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த வீட்டுக்கு மட்டும் எதுவும் அனுப்பாதீர்கள் என்று கேட்டாள். அதிகாரி கெட்டவர் அல்ல. அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, பணத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்றும், ரசீது மட்டும் மீட்டர் இருக்கிற வீட்டுக்குத்தான் போகும், அதை மாற்றத் தனக்கே அதிகாரமில்லை என்றும் சொன்னார். ஆறு வருஷ பாக்கி, மொத்தம் இருநூற்றுப் பதிமூன்று யூனிட், எல்லாமே மூன்று மடங்கு விலையில். அளவுப் புத்தகத்தையும் கொக்கியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஈரத்துணியை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள்.

ரசீது போய்ச் சேருமுன் தானே சொல்லிவிடுவது என்று நேரே பள்ளத் தெருவுக்கு நடந்தாள். மத்தியான வெயில். தெருவில் குழிகளின் மூடிகளெல்லாம் திறந்து கிடந்தன. தங்கை வீட்டு வாசலில் புது மீட்டர் வைத்தாயிற்று. கண்ணாடியில் கீறலே இல்லை, எல்லா எண்ணும் பூஜ்யம். தங்கைக்கு அன்று காலை வேலை. முடித்துவிட்டு வந்து, குழாயடியில் உட்கார்ந்து வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மற்ற இருவரும் வேலையில். அக்காவைப் பார்த்ததும் பையைக் காணோமே என்று கேட்டாள்.

அக்கா நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ஆரம்பித்த வருஷம், எழுதாமல் விட்ட யூனிட், வரப்போகிற ரசீது, தன் வேலை போனது எல்லாவற்றையும் சொல்லி, பணத்துக்கு நீ கவலைப்படாதே, அது என் பொறுப்பு என்றாள்.

தங்கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே தேய்த்தாள். கடைசியில் கையைக் கழுவினாள்.

"எனக்காகப் போய் உன் வேலையைத் தொலைச்சியேக்கா" என்றாள். "பணம் கெடக்குது விடு. ரெண்டு பேருமாச் சேந்து கட்டிக்கலாம். தவணை கேட்டா கொடுப்பாங்க இல்ல?"

கொடுப்பார்கள் என்றாள் அக்கா. அவ்வளவுதானா, இதற்கா ஆறு வருஷம் பயந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. படியில் உட்கார்ந்தாள். தங்கை எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் ஆணியிலிருந்த ரசீதுகளை மொத்தமாக உருவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபது. இருபது. இருபது. அவள் கை ஒரு ரசீதில் நின்றது. எந்த மாதத்து ரசீது என்று அக்காவுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"எப்பவும் இருபதுதான் எழுதினியா? எவ்வளவு ஓடினாலும்?"

"ஆமா."

"இந்தத் தடவை எவ்வளவு ஓடிச்சு? நெசமான எண்ணைச் சொல்லு."

வேறொரு எண்ணைச் சொல்லலாம் என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆறு வருஷமாகப் பழகிய வாய்தானே. ஆனால் வரவில்லை.

"இருபத்தேழு."

"முப்பது ஓடியிருந்தாலும் இருபதுதான் எழுதியிருப்ப."

தங்கை அந்த ரசீதை மடியில் வைத்து நீவிவிட்டாள். பிறகு தேய்த்து வைத்திருந்த வாளியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். உள்ளே வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. தேய்த்துத் தேய்த்து மற்ற நிறமெல்லாம் மங்கிப்போயிருந்தாலும் கோடு மட்டும் மங்காமல் அவள் அவ்வப்போது புதுசாக இழுத்துவிடுவாள்.

"ஒரு யூனிட்னா எத்தனை வாளிக்கா?"

"இந்த வாளில அறுபத்தாறு."

"தினமும் கேக்கலக்கா அவர். அன்னைக்கு ஒரு நாள்தான் கேட்டார்." அவள் வாளியின் கோட்டைக் கட்டைவிரலால் தடவினாள். "ஒரே ஒரு வாளி. அதுக்கு மீட்டர்ல எந்த எண் நகரும்?"

அக்காவின் தலைக்குள் கணக்கு தன்பாட்டுக்கு ஓடியது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம், நிறுத்தினாலும் நிற்காது. அறுபது நாளும் தினம் ஒரு வாளி கூடுதலாகக் கொடுத்திருந்தால்கூடத் தொள்ளாயிரம் லிட்டர். ஒரு கறுப்பு எண் முழுசாக நகர்ந்திருக்காது. இதைத் தங்கையிடம் சொல்லக்கூடாது, சாகிறவரைக்கும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"சிவப்பு எண்தான் நகரும்" என்றாள்.

"சிவப்பை எழுதுவீங்களா?"

பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள் போலிருக்கிறது, வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா தன் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். அது காய்ந்துபோயிருந்தது.

"இல்லம்மா" என்றாள். "சிவப்பை நாங்க எழுதறதில்ல."

தங்கை தலையை ஆட்டினாள். வாளியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் வருகிற நேரம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.